அளவு எடுக்காத சட்டை

பெரிய ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே ஒரு நாலு மாடிக் கட்டடம் இருக்கிறது. அதன் மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கிற இடத்தில்தான் அவளுடைய தையல் கடை. கடை என்று யாராவது சொன்னால் அவளுக்கே சிரிப்பு வரும். ஒரு மிஷின், ஒரு வெட்டுப் பலகை, சுவரோடு சுவராக ஒரு கம்பி, அதில் தொங்கும் துணிகள். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக அங்கேயே குனிந்து குனிந்து முதுகும் அந்தப் படிக்கட்டு போலவே வளைந்துவிட்டது. எல்லோருக்கும் அவள் "மிஷின் அக்கா". அம்மா அப்பா வைத்த பெயர் ஓட்டுப் போடப் போகும்போது மட்டும் வெளியே வரும்.

வயது ஐம்பத்து மூன்று. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தம்பி குடும்பத்தோடு இருக்கிறாள். காலையில் கடையைத் திறந்ததும் மிஷின் சக்கரத்தின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாள். தம்பி பிள்ளைகள், ஆஸ்பத்திரி நர்சுகள், கால் ஒடிந்த பக்கத்துக் கடைக்காரர் என்று தெரிந்த எல்லோரையும் ஒவ்வொருவராகக் கடவுளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் ஊசியில் நூல் கோர்ப்பாள். கடைசியாக ஒரு ஆள் வருவார். அவரைப் பெயர் சொல்ல மாட்டாள். "அவரையும்" என்று ஒரு வார்த்தை. அது யார் என்று கடவுளுக்குத் தெரியும். வேறு ஒரு உயிருக்கும் தெரியாது.

அன்றைக்கும் அப்படித்தான் நின்றுவிட்டு, ஒரு நர்சுப் பெண்ணின் கால்சட்டைக்கு அடி மடித்துக்கொண்டிருந்தாள். வாசலில் வண்டி போட்டு இஸ்திரி போடுகிற அண்ணன் கரியை ஊதிக்கொண்டே பேச ஆரம்பித்தார். அவருக்குப் பெட்டியைவிட வாய் சூடு.

"தங்கச்சி, சேதி தெரியுமா? நம்ம லிப்ட்டுக்காரர் போயிட்டாராம்."

"எங்க போயிட்டாரு?" மிதிப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"மேலதான். இந்தத் தடவை லிப்ட்டு இல்லாமலே போயிட்டாரு." சொன்ன பிறகு தன் வாயிலேயே ஒரு அடி போட்டுக்கொண்டார். "சே, என் வாயில தீயை வைக்க. தங்கமான மனுஷன். விடியற்காலைல அஞ்சு மணிக்காம். பதினெட்டு நாளா இதோ இந்த ஆஸ்பத்திரிலதான் கிடந்திருக்காரு. எதிர்ல உக்காந்திருக்கோம், நமக்குத் தெரியல பாரு."

"ஓ" என்றாள். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் நர்சுப் பெண் வந்து கால்சட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னக்கா இது? கால் விடற வாயையே சேர்த்துத் தச்சிருக்கீங்க! இதுல நான் சாமான் வாங்கவா போறேன்?"

"கண்ணு அவிஞ்சு போச்சுடி எனக்கு" என்று சொல்லி அவளும் சிரித்தாள். பிரித்துத் தைத்துக் கொடுத்து அனுப்பினாள். அப்புறம் எதிர்ச் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியின் பின்பக்கத்தில் எத்தனையோ ஜன்னல்கள். பதினெட்டு நாள் தினமும் பார்த்த ஜன்னல்கள்தான். அதில் எது என்று தெரியவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவர் லிப்ட்டுக்காரர் இல்லை. லிப்ட் மெக்கானிக்குக்குக் கையாள். கனமான இரும்புப் பை ஒன்றை வலது தோளில் மாட்டிக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்குவார். லிப்ட் நின்றுபோன கட்டடத்துக்குத்தானே கூப்பிடுவார்கள். "ஊருக்கெல்லாம் லிப்ட்டு ஓட்டறேன், எனக்கு மட்டும் படிக்கட்டு" என்பார். பதினாறு வயதிலிருந்து அந்தப் பை. அதனால் வலது தோள் இறங்கிப் போயிருந்தது. எந்தக் கடைச் சட்டை போட்டாலும் காலர் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு, யாரோ பிடித்து உலுக்கிவிட்ட மாதிரி இருக்கும்.

அவள்தான் முதலில் கண்டுபிடித்தாள். வலது தோளை முக்கால் அங்குலம் தாழ்த்தி வெட்டி, அந்தப் பக்கம் கை ஏறுகிற இடத்தையும் அதற்கேற்பச் சரித்துத் தைத்துக் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவர் வெகுநேரம் நகரவே இல்லை. "என் உடம்பு கோணல்னு இத்தனை நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன். சட்டைதான் கோணலா?" என்றார். அதிலிருந்து மூன்று வருஷம் அவர் சட்டை எல்லாம் அவள் கைத் தையல்தான். இரண்டு பேரும் கல்யாணம் என்று பேசி முடிவு செய்தது வீட்டில் யாருக்கும் தெரியாது.

அப்போதுதான் அவள் அப்பாவுக்குக் கை கால் ஒரு பக்கம் விழுந்துவிட்டது. தம்பி பள்ளிக்கூடம் போகிற வயது. அவர் வந்து, "அப்பாவையும் தம்பியையும் கூட்டிக்கிட்டு வா, பார்த்துக்கலாம்" என்றார். இவளுக்கு ரோஷம். ஒரு கையாளின் தலையில் மூன்று பேரைக் கட்டுவதா? "எனக்காக நீங்க காத்திருக்க வேணாம். நல்ல இடமாப் பார்த்துக் கட்டிக்குங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் மறுத்துப் பேசுவார் என்றுதான் அப்படிச் சொன்னாள். அவர் பையை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார். அடுத்த வருஷம் அவருக்குக் கல்யாணம் என்று கேள்விப்பட்டாள். அப்பா பதினோரு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அதன் பிறகு அவரை ஒரே ஒரு தடவைதான் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரி சீட்டு வாங்குகிற வரிசையில், நாலு ஆளுக்கு முன்னால், முதுகுப் பக்கம். காலர் வலது பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. முகத்தைப் பார்க்காமலே வரிசையை விட்டு விலகி வந்துவிட்டாள். அந்த ஆஸ்பத்திரி லிப்ட்டெல்லாம் இப்போது அவர் பொறுப்பு என்று இஸ்திரி அண்ணன்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் சொன்னார். எதிர் வாசலிலேயே வேலை பார்த்தவர், ஒரு நாளும் இந்தப் பின்வாசல் வழியாக வந்ததில்லை.

இப்போது அவளுக்கு இருந்ததெல்லாம் ஒரே ஆசை. அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும். ஆனால் என்ன உறவு என்று சொல்லிக்கொண்டு போவது? செத்த வீட்டில் அழுகிறவளை, "இவ யாரு?" என்று நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தக் கேள்வி அவர் மனைவியின் தலையில் போய் விடியும். புருஷனைப் பறிகொடுத்தவளுக்கு அந்தப் பாவத்தையும் செய்ய வேண்டுமா?

பத்து மணி இருக்கும். கலைந்த தலையோடு ஒரு பெண் கடை முன்னால் வந்து நின்றாள். கையில் ஒரு காகிதப் பை.

"இங்க ஒரே நாள்ல தச்சுத் தருவீங்கன்னு வார்டுல சொன்னாங்க."

"உக்காருங்கம்மா. என்ன தைக்கணும்?"

"சட்டை. முழுக்கைச் சட்டை." அந்த அம்மா துணியை வெளியே எடுத்தாள். இளநீலம், சின்னக் கோடு போட்டது. "பொண்ணு கல்யாணத்துக்குன்னு அவரே வாங்கினது. அப்புறம் தச்சுக்கலாம், அப்புறம் தச்சுக்கலாம்னு வெச்சுட்டார். பழசைப் போட்டு அனுப்ப மனசு வரல. நாளைக்குப் பதினோரு மணிக்கு எடுக்கறோம். லிப்ட் மெக்கானிக்கா இருந்தார், இங்கதான்."

தையல்காரி துணியைக் கையில் வாங்கினாள். துணியைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை. அந்த அம்மா அதற்கு மேலும் ஏதோ சொன்னாள். உடம்பைப் பற்றி, சாப்பாடு இறங்காமல் போனதைப் பற்றி. காதில் விழுந்தது, கைக்கு எட்டவில்லை.

"காலைல ஒன்பது மணிக்குள்ள தயாரா இருக்கும்மா" என்றாள். அளவு நோட்டில் ஒரு துண்டுத் துணியைக் குத்தி வைத்தாள். அந்த அம்மா கும்பிட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்குள் போய்விட்டாள்.

கடவுள் பார்க்கக் கொடுக்காவிட்டாலும் தைக்கவாவது கொடுத்தாரே என்று துணியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பலகையில் விரித்தாள். சாக்கட்டியை எடுத்தாள். கை அதுபாட்டுக்குக் கோடு போட்டது. நெஞ்சு முப்பத்தொன்பது. கழுத்து பதினைந்தரை. வலது தோள் முக்கால் அங்குலம் தாழ்வு. கத்தரிக்கோல் துணியில் இறங்கிப் போனது தண்ணீரில் படகு போகிற மாதிரி இருந்தது. எதையும் யோசிக்கவில்லை. தோளைச் சேர்த்துத் தைத்து முடித்தபோது மணி பன்னிரண்டு.

இஸ்திரி அண்ணன் தண்ணீர் குடிக்க உள்ளே வந்தார். பலகையில் கிடந்த துணியைப் பார்த்தார்.

"லிப்ட்டுக்காரருக்கா? அந்தம்மா பாவம், பிரமை பிடிச்ச மாதிரி போச்சு." அளவு நோட்டைப் புரட்டினார். அவருக்கு எதையும் புரட்டாமல் இருக்க முடியாது. "என்ன தங்கச்சி, ஒண்ணுமே எழுதல? அளவுச் சட்டை எங்க?"

அவள் நிமிர்ந்தாள்.

"அளவுச் சட்டையும் இல்ல, அளவும் எழுதல. பின்ன எதை வெச்சு வெட்டினே?"

அவள் கத்தரிக்கோலைப் பார்த்தாள். இருபத்தாறு வருஷத்தில் ஒரு கைக்குட்டைக்குக்கூட அளவு எழுதாமல் கத்தரிக்கோலைத் தொட்டதில்லை. அண்ணன் வெட்டின துணியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "இது யாரோ தடியனுக்கு வெட்டின மாதிரி இருக்கே. அவரு ரெண்டு வருஷமா இளைச்சு இளைச்சுக் கடைசில துடைப்பக்குச்சி மாதிரி ஆயிட்டாருன்னு..." பாதியிலேயே நிறுத்திக்கொண்டார். துணியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். ஒரு தோள் தாழ்ந்திருந்ததையும் பார்த்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அன்றைக்குத்தான் அந்த மனுஷன் பேச்சை முழுங்கினார்.

"போய் அளவு எடுத்துட்டு வா" என்றார் கடைசியில். "கடையை நான் பார்த்துக்கறேன்."

பிணவறைக்கு முன்னால் ஒரு நீள பெஞ்சு. அந்த அம்மா தனியாக உட்கார்ந்திருந்தாள். மகளும் மருமகனும் வெளியூரிலிருந்து சாயங்காலம்தான் வருகிறார்களாம்.

"அளவு எடுக்க மறந்துட்டேன்மா."

"நானும் குடுக்க மறந்துட்டேன்" என்று எழுந்தாள். "வாங்க."

உள்ளே ஒரு ஊழியர் இழுப்பறை போலிருந்த ஒன்றை இழுத்தார். துணியை இடுப்பு வரைக்கும் மடித்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டார். குளிர் எலும்பில் ஏறியது. தையல்காரி குனிந்து பார்த்தாள்.

வேறு யாரோ. கன்னம் இரண்டும் உள்ளே போய், பல் எழும்பி, தாடை ஒரு துணிப்பட்டையில் கட்டி. அவள் இருபத்தெட்டு வருஷமாகத் தினமும் ஒப்படைத்த முகம் இது இல்லை. காதோரம் ஒரு சின்னத் தழும்பு. லிப்ட் கதவு அடித்த தழும்பு. அது மட்டும்தான் அவர்.

"நான் எழுதறேன், நீங்க சொல்லுங்க" என்று அந்த அம்மா நோட்டையும் பேனாவையும் வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டியிருந்தது போலும்.

"நெஞ்சு முப்பத்து மூணு." அளவு நாடாவை அடியில் விடத் தூக்கியபோது கனமே இல்லை. "வயிறு இருபத்தொன்பதரை. கழுத்து பதிமூணு. கை இருபத்து மூணரை. மணிக்கட்டு ஆறு." ஒவ்வொரு எண்ணும் அவள் வெட்டி வைத்ததிலிருந்து ஒரு பிடி சதையைக் கழித்துக்கொண்டே போனது. "நீளம் இருபத்தொன்பது. அவ்வளவுதாம்மா." நாடாவைச் சுருட்டினாள்.

அந்த அம்மா நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மிஷின் அக்கா தானே கோடு போட்டுத் தலைப்பு எழுதி வைத்திருக்கிற நோட்டு அது. நீளம், தோள், நெஞ்சு, வயிறு என்று.

"தோள் சொல்லலையே."

"அது... சரியா வெட்டியிருக்கேன்மா."

"எதை வெச்சு?"

அந்த அம்மா தலையைத் தூக்கினாள். "அவருக்கு ஒரு தோள் இறங்கியிருக்கும்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக.

"முக்கால் அங்குலம்" என்று வாய் முந்திக்கொண்டது.

சொன்ன பிறகு நாக்கைக் கடித்து என்ன பயன்?

"கல்யாணமாகி வந்தப்ப அவர்கிட்ட ஏழு சட்டை இருந்துச்சு" என்றாள் அந்த அம்மா. "அது மட்டும் தோள்ல நல்லா நிக்கும். கிழிஞ்சு நூல் நூலாப் போற வரைக்கும் போட்டார். யார் தச்சதுன்னு கேட்டா, பழைய டெய்லர், இப்ப பழக்கம் இல்லைன்னு சொல்வார். அதுக்கப்புறம் வாங்கின சட்டை எல்லாம் கோணக்கோண நிக்கும். ஒரு பிடிவாதம் என்ன வேண்டிக்கிடக்கு, அந்த டெய்லர்கிட்டயே போங்களேன்னு எத்தனை தடவை சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?" மூச்சு வாங்கினாள். "ஆம்பளைன்னு நினைச்சேன்."

"கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வார்த்தை பேசினது இல்லைம்மா. கடவுள் சாட்சி."

"தெரியுது. பேசியிருந்தா சட்டை ஒழுங்கா இருந்திருக்குமே."

அதில் கோபம் இருந்ததா, சிரிப்பு இருந்ததா என்று தையல்காரிக்குப் புரியவில்லை. அந்த அம்மா நோட்டை மூடி நீட்டினாள்.

"நாளைக்கு நீங்க வர வேணாம். பொண்ணு இருப்பா, சம்பந்தி வீட்டு ஆளுங்க இருப்பாங்க. உங்க முகத்தை வெச்சுக்கிட்டு என்னால அழ முடியாது. சட்டையைக் குடுத்தனுப்புங்க."

"சரிம்மா."

கதவு வரைக்கும் போனவள் திரும்பாமலே நின்றாள். "தோள் அளவும் எடுத்துக்குங்க. அவசரமில்ல. நான் வெளிய நிக்கறேன்." ஊழியரையும், "நீங்க கொஞ்சம் வாங்கண்ணே" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

கதவு மூடியது. ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. அதை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. நாடாவின் ஒரு நுனியை இடது தோளில் வைத்தாள். மறு நுனியை வலது தோளுக்குக் கொண்டுபோனாள். அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணைப் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?" என்றாள் மெதுவாக. "போடின்னாவது ஒரு வார்த்தை. நீங்கபாட்டுக்குப் பையை மாட்டிக்கிட்டுப் போயிட்டீங்களே."

கேட்க நினைத்ததெல்லாம் அவ்வளவுதான். இத்தனை வருஷம் சுமந்தது இரண்டு வரியில் தீர்ந்துபோயிற்று. அழுகை தொண்டை வரைக்கும் வந்தது. வெளியே நிற்கிறவளுக்குக் கேட்கும் என்று அதை அங்கேயே நிறுத்தினாள். துணியைக் கழுத்து வரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டு வெளியே வந்தாள். போகும்போது இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைக்கு வந்து, தைத்ததைப் பிரித்தாள். பக்கவாட்டில் இரண்டு தையல் உள்ளே தள்ளிப் பிடித்தால் முடிகிற வேலைதான். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அவளுக்கு மனசு கேட்கவில்லை. முழுசாகப் பிரித்து, துணியை மறுபடி பலகையில் போட்டு, எழுதின அளவுக்கு ஒவ்வொரு துண்டாக வெட்டினாள். ஆறு அங்குலத் துணி சுருள் சுருளாகக் காலடியில் விழுந்தது. விளக்கு வைக்கிற நேரத்துக்குக் காஜா எடுத்துப் பொத்தான் தைத்து முடித்தாள். வீட்டில் தம்பி பெண்டாட்டி, "என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வழக்கம்போல மிஷின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினாள். எல்லோரையும் சொல்லி முடித்தாள். "அவரையும்" என்று நாக்கு தானாக எழுந்தது. நோயாளி என்றால் குணமாக்கு என்று கேட்கலாம். தூரத்தில் இருக்கிறவர் என்றால் பத்திரமாக வை என்று கேட்கலாம். அவருக்கு இனி என்ன கேட்பது? கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, "அந்தம்மாவையும்" என்று சொல்லிக் கண்ணைத் திறந்தாள்.

இஸ்திரி அண்ணன் ஒன்றும் கேட்காமல் சட்டையை வாங்கினார். பெட்டியில் புதுக் கரி போட்டு, காலரைத் திருப்பித் திருப்பித் தேய்த்து, மடிக்காமல் ஒரு கம்பியில் மாட்டி, அதைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டே நடந்து போனார். போனவர் எடுக்கிற வரைக்கும் இருந்துவிட்டு ஒரு மணிக்குத்தான் திரும்பினார். வண்டிக்குப் போகாமல் நேரே படிக்கட்டுக்கு அடியில் வந்து உட்கார்ந்தார்.

"முடிஞ்சுது தங்கச்சி. சனம் நிறைய. அந்தம்மாவே கையால போட்டுவிட்டாங்க."

"அளவு சரியா இருந்துச்சா?"

"பிடிச்சு வெச்ச மாதிரி இருந்துச்சு. அவரோட சொந்தக்காரர் ஒருத்தர்கூடச் சொன்னாரு, மாப்பிள்ளை மாதிரி இருக்காருன்னு."

"தோள்?" என்றாள். "தோள் நல்லா நின்னுதாண்ணே?"

அண்ணன் யோசிக்காமல்தான் சொன்னார். அவர் வாய் அப்படி. "படுத்துக்கிட்டிருக்கிற ஆளுக்குத் தோள் எப்படிம்மா நிக்கும்? தலையணைல அமுங்கிக் கிடந்துச்சு. ஒண்ணும் தெரியல."

அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் ஆமாம் என்கிற மாதிரி ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்த முடியவில்லை. அப்புறம் மிஷின் பலகையில் நெற்றியை வைத்தாள். முந்தைய நாள் தொண்டையில் நிறுத்தி வைத்தது, அதற்கு முன்னால் இருபத்தெட்டு வருஷம் நிறுத்தி வைத்தது, எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. மனுஷக் குரல் போலவே இல்லை.

அண்ணன் பதறி எழுந்தார். கையை நீட்டினார், மடக்கிக்கொண்டார். பிறகு வெளியே வந்து, கடை வாசலை அடைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தபடி நின்றார்.

ஒரு ஆள் பையோடு வந்தார். "மிஷின் அக்கா இருக்காங்களா? ஒரு ஜிப் வைக்கணும்."

"மிஷின் ரிப்பேர். நாளைக்கு வாங்க."

"உள்ள சத்தம் கேக்குதே?"

"அதான் ரிப்பேர்னு சொல்றேன்ல" என்றார் அண்ணன். தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு வாங்கய்யா, போங்க."